சீட்டோடு போன பை

என் வீட்டுக்காரர் பேச்சை நிறுத்தினால் நான் செய்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடுவேன். மற்ற வீடுகளில் புருஷன் வாயை மூடினால் நிம்மதி என்பார்கள். எங்கள் வீட்டில் அது ஆபத்துக்கு அடையாளம்.

அவர் முடி வெட்டுகிறவர். இரண்டு நாற்காலி போட்ட சின்னக் கடை. அவர் தொழிலில் பாதி கத்தரிக்கோல், பாதி வாய். பல வருஷமாக இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறார். உடம்பில் சர்க்கரை திடீரென்று இறங்கினால் முதலில் பேச்சு நிற்கும். அப்புறம் முகம் வேர்க்கும். அப்புறம் பிடிவாதம் வரும். “எனக்கு ஒண்ணும் இல்ல” என்று சொல்லிக்கொண்டு, கொடுப்பதை வாங்க மாட்டார், செய்கிற வேலையை விட மாட்டார். அதற்கும் அடுத்தது விழுவதுதான். ஒரு முறை கடையில் ஒருவருடைய தலை பாதியில் நிற்க, கத்தரிக்கோலோடு சரிந்துவிட்டார். கத்தரிக்கோல் எங்கே குத்தியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

மருந்து பெரிய விஷயமில்லை. நாலு குளுக்கோஸ் மாத்திரையை மென்றால் கொஞ்ச நேரத்தில் ஆள் தெளிந்து பழையபடி வாயாட ஆரம்பித்துவிடுவார். ஆனால் அந்த மாத்திரை அவர் இருக்கிற இடத்தில் இருக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. நானாக எடுத்துக்கொண்ட பொறுப்பு. மருந்துக் கிடங்கில் எந்தப் பெட்டியில் எது போக வேண்டுமோ அது போயிருக்கிறதா என்று பார்க்கிற மேற்பார்வை வேலை எனக்கு. அந்த அதிகாரத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டேன் என்று என் நாத்தனார் சொல்வாள். சொல்லட்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இருவரும் சைக்கிளில் போவோம். இரண்டும் ஒரே மாதிரி சைக்கிள், ஒரே நாளில் வாங்கியவை. சீட்டு மட்டும் எனக்குத் தனியாக வாங்கியது. சீட்டுக்கு அடியில் தொங்குகிற பையும் இரண்டுக்கும் ஒரே கறுப்பு, ஒரே ஜிப். என் பையில் சைக்கிளுக்கு வேண்டியது: மாற்று டியூப், டயரை நெம்புகிற பிளாஸ்டிக் கரண்டிகள், பஞ்சர் ஒட்டுகள் வைத்த சின்ன டப்பா. அவர் பையில் அவருக்கு வேண்டியது: மாத்திரை, விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கிற கருவி, ஒரு சீப்பு. சீப்பில்லாமல் அவர் வாசலைத் தாண்ட மாட்டார். காற்றடிக்கிற பம்ப் என் சைக்கிளின் சட்டத்தில் மாட்டியிருக்கும். இரண்டு பேரும் ஒன்றாகத்தானே போகிறோம், எல்லாவற்றையும் இரண்டிரண்டாக எதற்குச் சுமக்க வேண்டும் என்பது கணக்கு. முன்பெல்லாம் மாத்திரையைச் சைக்கிள் சட்டையின் முதுகுப் பக்கம் தைத்திருக்கிற பையில்தான் போட்டுக்கொள்வார். வேர்வையில் நனைந்து கூழாகிவிடும். “இனிமே பையில வைங்க” என்று சட்டம் போட்டதும் நான்தான்.

ஒரு குறை மட்டும் தீரவே இல்லை. அவருக்குச் சீட்டு ஒத்துக்கொள்ளவில்லை. நாள் முழுக்க நிற்கிற மனிதர், உட்கார்ந்தால் வலிக்கிறது என்பார். பஞ்சு வைத்த அரைக்கால் சட்டை வாங்கினோம். சீட்டின் மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தினோம், பிறகு ஏற்றினோம், பின்னுக்குத் தள்ளினோம். களிம்பு பூசிக்கொண்டார். ஒன்றும் உதவவில்லை. சைக்கிள் ஓட்டுகிற எல்லோருக்கும் இருக்கிற வலிதானே, இவருக்கு மட்டும் என்ன பாட்டு என்று நான் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

அந்த ஞாயிறு அணைக்கட்டு வரை வந்துவிட்டோம். அதற்கு மேல் காட்டுச் சாலை, வளைந்து வளைந்து மலை ஏறும். உச்சியில் ஒரு பெஞ்சு. அந்தப் பக்கம் செங்குத்தான இறக்கம். ஓரத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு சுவர், அதற்குக் கீழே நீர்த்தேக்கம். அணையின் வண்டி நிறுத்துமிடத்தில் இறங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வழக்கமான பாட்டை ஆரம்பித்தார்.

“இது சீட்டு இல்ல. எவனோ என் மேல காண்டு வச்சு செஞ்சது. வெட்டுக்கத்தி மேல உக்காந்து வர்ற மாதிரி இருக்கு.”

“வீட்டை விட்டுக் கிளம்பினதுலேர்ந்து இதே பேச்சு.”

“உனக்கு என்ன, உன் சீட்டு அகலம். நடுவுல பள்ளம் வேற. ராணி மாதிரி வர்றே.”

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது.

“இந்தாங்க, என் சீட்டையே வச்சுக்குங்க. ஆனா வாயை மூடிட்டு ஓட்டணும். இனிமே ஒரு வார்த்தை என் காதுல விழக் கூடாது.”

சொன்னதோடு நிற்கவில்லை. சீட்டுத் தண்டைப் பிடித்திருக்கிற பூட்டு நெம்பைத் திறந்து, என் சீட்டை அதன் தண்டோடு உருவி எடுத்தேன். அவருடையதையும் உருவினேன். மாற்றிச் செருகி, உயரம் பார்த்து, இறுக்கினேன். நிமிஷ வேலை. பைகள் இரண்டும் சீட்டோடு தொங்கியபடியே இடம் மாறின. அதை இரண்டு பேருமே கண்ணால் பார்த்தோம். உறைக்கவில்லை. முன்னும் கறுப்புப் பை, பின்னும் கறுப்புப் பை.

அவர் ஏறி உட்கார்ந்து ஒரு வட்டம் அடித்தார். முகம் மலர்ந்துவிட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்து, என் முறைப்பைப் பார்த்து, உதட்டில் விரலை வைத்துக்காட்டிவிட்டுச் சாலையில் ஏறினார். ஏற்றத்தில் எப்போதும் அவர்தான் முன்னால் போவார். உச்சியில் பெஞ்சில் உட்கார்ந்து எனக்காகக் காத்திருந்து, இறங்குவதற்கு முன் இரண்டு மாத்திரை மெல்வார். அதுதான் வழக்கம். அன்றைக்கு வலி இல்லாததால் வேகமாகப் போனார். இரண்டாவது வளைவுக்குள் கண்ணுக்கு மறைந்துவிட்டார்.

பாதி ஏற்றத்தில் என் பின் சக்கரம் தொளதொளத்தது. இறங்கிப் பார்த்தால் டயரில் ஒரு கம்பித் துண்டு. சலித்துக்கொண்டே சைக்கிளை மரத்தில் சாய்த்து, பையின் ஜிப்பைத் திறந்து கையை விட்டேன்.

சீப்பு வந்தது.

முதலில் எனக்குச் சிரிப்புதான். என் பையில் இந்த மனிதர் சீப்பை ஏன் போட்டார் என்று நினைத்தேன். அடுத்து கையில் வந்தது மாத்திரைக் குழல். அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். சிரிப்பு அப்படியே அடங்கியது.  அவர் காலையில் ஊசி போட்டிருக்கிறார். ரொட்டியில் பாதியை வைத்துவிட்டு எழுந்துவிட்டார். இத்தனை தூரம் ஓட்டியிருக்கிறார், அதுவும் வேகமாக. உச்சியில் போய்ப் பையைத் திறந்தால் என்ன இருக்கும்? டியூப்.

கைபேசியில் சிக்னல் இல்லை. அந்தக் காட்டுக்குள் எப்போதும் இருக்காது. என்னிடம் பம்ப் இருக்கிறது, டியூப் இல்லை. அவரிடம் டியூப் இருக்கிறது, மாத்திரை இல்லை. கிடங்கில் இப்படி ஒருத்தி மாற்றி அனுப்பியிருந்தால் எள்ளும் கொள்ளும் வெடிக்க நின்றிருப்பேன். இப்போது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கீழே இருந்து ஒரு கார் வந்தது. நடு ரோட்டுக்கே போய் இரண்டு கையையும் ஆட்டினேன். உள்ளே இருந்த குடும்பம் சிரித்துக்கொண்டு எனக்கும் கை ஆட்டிவிட்டு விலகிப் போனது. குஷியில் கை ஆட்டுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். அந்தக் கார் மறைந்த பிறகு காட்டில் ஒரு சத்தமும் இல்லை.  அழக்கூட நேரமில்லை.

கம்பியைப் பிடுங்கவில்லை. பிடுங்கினால் காற்று ஒரேயடியாகப் போய்விடும். இருந்தபடியே பம்பால் அடித்தேன். டயர் கல்லாகும் வரை அடித்து, ஏறி மிதித்தேன். ஒரு வளைவு, இன்னொரு வளைவு. மறுபடி தொளதொளத்தது. மறுபடி இறங்கி அடித்தேன். அவருடைய சீட்டு அடியில் அறுத்தது. மெய்யாகவே அறுத்தது. இதில் உட்கார்ந்துகொண்டா இவர் இத்தனை நாள் என்னோடு வந்தார்? எத்தனை முறை சொன்னார். நான் நம்பவே இல்லையே.

மூன்றாம் முறை காற்றடித்துக்கொண்டிருந்தபோது மேலிருந்து ஒருவர் சைக்கிளில் இறங்கி வந்தார். நெட்டையான ஆள், நாற்பது வயதிருக்கும். ஹெல்மெட்டுக்குக் கீழே முடி தோளில் புரண்டது. என்னைப் பார்த்ததும் அவரே பிரேக்கைப் பிடித்தார்.

“என்னக்கா, பஞ்சரா? டியூப் தரட்டுமா?”

“டியூப் இருக்கட்டும் தம்பி. மேல ஒருத்தரைப் பாத்தீங்களா? மஞ்சள் சட்டை, இதே மாதிரி சைக்கிள்.”

“பாத்தேனே. உச்சிக்குக் கிட்ட ஏறிட்டிருந்தாரு. ரோட்டை அடைச்சு அப்படியும் இப்படியும் வளைஞ்சுக்கிட்டு. ஏத்தம்ல, சில பேர் அப்படித்தான் ஏறுவாங்க.”

“உங்ககிட்ட ஏதாவது பேசினாரா?”

“நான் வணக்கம் சொன்னேன். அவர் என்னைத் திரும்பியே பாக்கல.”

எதிரே வருகிற நாயைக்கூட நலம் விசாரிக்காமல் விடாத மனிதர் அவர்.  சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியாது. ஊசி, சர்க்கரை, சீட்டு, பை என்று முன்னும் பின்னுமாகக் கொட்டினேன். நெட்டையருக்கு அது போதுமாக இருந்தது.

“மாத்திரையைக் குடுங்க. நான் திரும்பி ஏறறேன். உங்களை விட நான் சீக்கிரம் போவேன்.”

யாரோ ஒரு ஆள். பெயர்கூடக் கேட்கவில்லை. என் புருஷனின் உயிரை அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டு, சில மாத்திரைகளை மட்டும் எனக்கென்று எடுத்துக்கொண்டேன்.

“நாலு மாத்திரை தம்பி. நல்லா மெல்லணும். ஒருவேளை மயங்கிக் கிடந்தா வாயில எதையும் போட்டுடாதீங்க, அடைச்சுக்கும். ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. மேல சிக்னல் கிடைக்கும், உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க.”

“சரிக்கா.”

“நினைவோட இருந்தா அது வேற தொல்லை. எனக்கு ஒண்ணும் இல்லம்பாரு. தர்றதை வாங்க மாட்டாரு. நிக்கவே மாட்டாரு.”

“அப்ப என்ன செய்யறது?”

என் கண் அவர் தோளில் கிடந்த முடியில் போய் நின்றது.

“ஹெல்மெட்டைக் கழட்டிடுங்க. அவர் முடி வெட்டறவர். இந்த முடியை என்ன செய்யலாம்னு கேளுங்க.”

“முடியையா?” எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று பார்ப்பது போலப் பார்த்தார்.

“கேளுங்க தம்பி. எந்த நிலைமையிலயும் நிப்பாரு.”

உறுதியாகத்தான் சொன்னேன். உண்மையில் எனக்குத் தெரியாது. அதற்கு முன் யாரும் அப்படிக் கேட்டுப் பார்த்ததில்லை.

அவர் பெடலின் மேல் எழுந்து நின்று மிதித்துக்கொண்டு போனார். நான் பின்னாலேயே மிதித்தேன். கொஞ்ச தூரத்தில் டயர் அடியோடு செத்துவிட்டது. பம்ப் அடிக்க அடிக்க உஸ்ஸென்று வெளியே போனது. இறங்கித் தள்ளிக்கொண்டு ஓடினேன். சைக்கிள் ஷூவின் அடியில் பெடலில் மாட்டுவதற்காக இருக்கிற கட்டை தாரில் வழுக்கியது. ஷூவைக் கழற்றிக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு காலுறையோடு ஓடினேன்.

ஓடும்போது என் குரல்தான் எனக்குக் கேட்டது. வாயை மூடிட்டு ஓட்டணும். இனிமே ஒரு வார்த்தை விழக் கூடாது. கடைசியாக நான் அவரிடம் சொன்னது அதுவாக இருந்துவிடக் கூடாது என்று, யாரிடம் வேண்டுகிறேன் என்றே தெரியாமல் வேண்டிக்கொண்டேன். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே ஓடினேன். கேட்டுவிடுமோ என்று பயம். கேட்காவிட்டால், கூப்பிட அங்கே யாரும் இல்லையோ என்று அதைவிடப் பயம்.

உச்சி வந்தது. பெஞ்சு காலியாக இருந்தது. அதன் காலடியில் அவருடைய தண்ணீர் பாட்டில் கிடந்தது, மூடி திறந்தபடி. நெட்டையரும் இல்லை.

கைபேசியை எடுத்தேன். சிக்னல் இருந்தது. அவர் எண்ணை அழுத்தினேன். மணி அடித்தது. என் காதில் மட்டுமில்லை, அந்தப் பக்கத்து இறக்கத்திலிருந்தும் அடித்தது. சுவர் இருக்கிற பக்கத்திலிருந்து. அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. பிறகு நின்றுவிட்டது.

சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டு இறங்கி ஓடினேன். முதல் வளைவில் அவருடைய சைக்கிள் சுவரில் மோதிச் சரிந்திருந்தது. முன் சக்கரம் சுவருக்கு மேல் ஏறி, அந்தரத்தில் நின்றது. அதற்குக் கீழே தண்ணீர் தெரிந்தது. 

“பக்கவாட்டுல... அடர்த்தி ஜாஸ்தி.”

குழறலான குரல். திரும்பினேன். சாலையின் உள்பக்கம், பாறையில் முதுகைச் சாய்த்து அவர் உட்கார்ந்திருந்தார். வெளுத்த முகம், நனைந்த சட்டை. வாய் எதையோ மென்றுகொண்டிருந்தது. அவருக்கு முன்னால் நெட்டையர் மண்டியிட்டுத் தலையைத் தாழ்த்தியிருந்தார். என் வீட்டுக்காரரின் விரல்கள் அந்த முடிக்குள் மெதுவாகத் துழாவிக்கொண்டிருந்தன.

நான் நின்ற இடத்திலேயே, நடு ரோட்டில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். போன உயிர் திரும்பி வந்தது என்று சும்மா பேச்சுக்குச் சொல்வோமே, அது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நெட்டையர் தலையை அசைக்காமலே பேசினார்.

“நாலையும் மென்னுட்டார்க்கா. சைக்கிள் சுவத்துல சிக்கிக்கிச்சு. அதை இழுத்து எடுத்து மறுபடியும் ஏறப் பாத்துக்கிட்டிருந்தாரு. கூப்பிட்டேன், காதுலயே வாங்கல. முடியைப் பத்திக் கேட்டதும் கையை விட்டுட்டுத் திரும்பிட்டாரு.”

“புண்ணியமாப் போகும் தம்பி.”

“ஆனா ஒண்ணு. நான் வர்றதுக்கு முன்னாடியே வாயில என்னமோ போட்டு மென்னுக்கிட்டிருந்தாரு. துப்பச் சொன்னா துப்பல. இதைத் துப்பினாத்தான் வெட்டிக்குவேன்னு சொன்னதுக்கப்புறம்தான் துப்பினாரு.”

கையைத் திறந்து காட்டினார். பஞ்சர் ஒட்டு. காசளவு வட்டமான கறுப்பு ரப்பர். அதில் பல் பதிந்திருந்தது.

என் வீட்டுக்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் கை ஐஸாக இருந்தது. தேய்த்துக்கொண்டே இருந்தேன். நெட்டையர் வாழைப்பழம் ஒன்று கொடுத்தார். உச்சியில் போட்டுவிட்டு வந்த சைக்கிள் பையிலிருந்து கருவியை எடுத்துவந்து, அவர் விரலில் குத்திப் பார்த்தேன். எண் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. அது ஏற ஏற முகத்தில் நிறம் வந்தது. நெட்டையர் கடை எங்கே இருக்கிறது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, சைக்கிளைச் சுவரிலிருந்து இறக்கி வைத்துவிட்டுக் கிளம்பினார். அவர் போனதும் நான் அந்த ரப்பரை எடுத்துக் காட்டினேன்.

“இது ரப்பர்னு தெரியலையா உங்களுக்கு?”

வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மாத்திரையத் தேடினேன். வட்டமா இருந்துச்சு. வாயில போட்டா இழுத்துச்சு, கசந்துச்சு.”

“அப்பவாவது துப்ப வேண்டாமா? தொண்டையில அடைச்சிருந்தா?”

“எப்படித் துப்புவேன்? பைக்குள்ள இருந்துச்சு. பைக்குள்ள இருக்கறதெல்லாம் நீ வச்சது. நீ வச்சா சரியாத்தான் இருக்கும்னு மென்னுக்கிட்டே இருந்தேன்.”

குறையாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். 

வெகுநேரம் அங்கேயே இருந்தோம். பிறகு அவரை மெல்ல நடத்தி, அவர் சைக்கிளையும் தள்ளிக்கொண்டு உச்சிப் பெஞ்சுக்குக் கூட்டிவந்தேன். அவர் பையிலிருந்த டியூபை எடுத்து என் சக்கரத்தில் போட்டேன். டயர் இரண்டு தடவை வழுக்கியது. அவர்தான் பிடித்துக்கொடுத்தார். பைகளை அவிழ்த்து மாற்றிக் கட்டினேன். மாத்திரைகளைப் பையில் வைக்காமல் அவர் சட்டையின் முதுகுப் பையில் போட்டேன்.

“வேர்வையில கூழாயிடும்னு நீதானே சொன்னே.”

“கூழாகட்டும்.”

“சீட்டையும் மாத்தப் போறியா?” குரலில் பயம் இருந்தது.

“அது உங்களுக்குத்தான். நான் வேற வாங்கிக்கறேன்.”

அந்தப் பக்கத்து இறக்கத்தில் போக எனக்குத் தைரியம் இல்லை. வந்த வழியே திரும்பினோம். அவரை முன்னால் விட்டு, பிரேக்கிலிருந்து விரலை எடுக்காமல் நான் பின்னால் வந்தேன். முதல் வளைவு வரைக்கும் அவர் ஒன்றும் பேசவில்லை. பிரேக்கை விட்டு அவர் பக்கத்தில் வந்தேன்.

“ஏங்க, ஏன் பேசாம வர்றீங்க?”

“நீதானே ஒரு வார்த்தை விழக் கூடாதுன்னே.”

“பேசுங்க. வீடு போய்ச் சேர்ற வரைக்கும் நிறுத்தக் கூடாது.”

“எதைப் பத்திப் பேசறது?”

“சீட்டைப் பத்திப் பேசுங்க.”

ஆரம்பித்தார். பழைய சீட்டு எங்கே அழுத்தியது, எப்போது மரத்தது, புதுச் சீட்டின் பள்ளம் எப்படி இதமாக இருக்கிறது, அதை வாங்கின நாளிலேயே தனக்கும் ஒன்று வாங்கியிருக்கலாமே என்று ஒன்றுவிடாமல். நான் அவருடைய பழைய சீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து, அணைக்கட்டு வரைக்கும் ஒவ்வொரு வார்த்தைக்கும் ‘ம்’ கொட்டிக்கொண்டு வந்தேன்.